கயிறு பிடித்து நட்ட கோடு வேண்டாம்: நட்ட முன்முடி இயல்பாகத் தெரிய ஒரு முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் சலூன் வைத்திருக்கிறேன். ஆடி, ஆவணியில் வெளிநாட்டுச் சனம் ஊருக்கு வரும் காலத்தில் என் கதிரையில் உட்காரும் தலைகளில் ஒன்றிரண்டு நட்ட தலையாக, அதாவது பிடரி முடியை எடுத்து முன்னால் நடும் சத்திரசிகிச்சை செய்த தலையாக இருக்கும். சிலவற்றை வாசலில் வரும்போதே கண்டுகொள்வேன். சிலவற்றைக் கடைசிவரை கண்டுபிடிக்க முடியாது.

கனடாவிலிருந்து திருவிழாவுக்கு வந்திருந்த ஓர் ஐயாவின் தலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. முடியை நனைத்துப் பின்னால் சீவினேன். நெற்றிக்கு மேலே கட்டை கட்டையாக முடி நின்றது. ஒவ்வொரு கட்டையிலும் பதினைந்து இருபது முடி, நடுவே வெறுந்தோல். பல்துலக்கும் பிரஷில் நார் வைத்த மாதிரி. அவர் கண்ணாடியைப் பார்க்காமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பரந்தன் பக்கத்துத் தம்பி ஒருவர் இதற்கு நேர்மாறு. மூன்று தடவை முடி வெட்டியிருந்தேன். நாலாம் தடவை அவரே சொன்னார்: "அண்ணை, முன்னுக்கு இருக்கிறது முழுக்க நட்ட முடி." விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து, சீப்பால் ஒவ்வொரு வரியாகப் பிரித்துப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

ஐயாவுக்குச் செய்தது பழைய முறை. 1952இல் நியூயோர்க்கில் நோர்மன் ஓரென்ட்ரைக் என்ற தோல் வைத்தியர் தொடங்கிவைத்தது. பிடரியிலிருந்து 4 மில்லிமீற்றர் அகல வட்டங்களாகத் தோலோடு எடுத்து முன்னால் பதிப்பார்கள். பொம்மைத் தலை மாதிரித் தெரியும் என்று பெயர் கெட்டது அந்த முறையால்தான். 1980களின் கடைசியில் டெக்சாஸில் பொபி லிம்மர் என்ற வைத்தியர் நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்து, முடி இயற்கையாக முளைக்கும் ஒன்று, இரண்டு, மூன்று முடிக் கொத்துகளாகவே பிரித்து நடத் தொடங்கினார். இன்று நல்ல இடங்களில் எல்லாம் நடப்பது அதுதான். அந்தச் சின்னக் கொத்தைத்தான் கிராஃப்ட் என்கிறார்கள்.

ஆனால் முறை புதிதாகிவிட்டதால் மட்டும் தலை இயல்பாகத் தெரிவதில்லை. போன வருடம் செய்த தலையிலும் பத்தடி தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும் கோடுகளைப் பார்த்திருக்கிறேன். எங்கே, எந்தக் கோணத்தில், எந்த முடியை வைத்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் தொழில் முடி வெட்டுவது, வைத்தியம் இல்லை. என் தம்பிக்குச் செய்தபோது தொடக்கம் முதல் கூடவே இருந்தேன். அதற்கு முன்னும் பின்னும் வைத்தியர்களிடம் கேட்டும் தேடி வாசித்தும் அறிந்தவற்றோடு, தினமும் கையால் தொட்டுப் பார்ப்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலாம் படி: ஏன் கொட்டுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கைக்கு ஒரு முகம் இருக்கிறது. நெற்றியின் இரண்டு மூலையும் ஏறும், உச்சி மெலியும், பிடரியும் காதோரமும் அப்படியே நிற்கும். பிடரி முடியை முன்னால் கொண்டுவந்து நட்டாலும் அது தன் பழைய குணத்தை விடாது, கொட்டாமல் நிற்கும். இந்தச் சத்திரசிகிச்சை முழுவதும் அந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது.

டெங்கு, நெருப்புக் காய்ச்சல், பிள்ளைப்பேறு போன்றவற்றுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்தில் கொத்தாகக் கொட்டுவது வேறு. அது பெரும்பாலும் தானாகத் திரும்பி வரும். காசு வட்டமாக விழும் புழுவெட்டு வேறு. தோலே பளபளத்து, முடித்துளை மூடிப்போகும் நோய்களும் உண்டு. அவற்றில் நட்டால் நட்டதும் போகும். ஆகவே முதலில் ஒரு தோல் வைத்தியரிடம் காட்டுங்கள். விளம்பரம் போட்ட இடத்தில் இலவசமாகப் பார்ப்பதை இதற்குக் கணக்கில் எடுக்காதீர்கள்.

வயது இருபத்தைந்துக்குக் கீழ் என்றால் பொறுங்கள். வழுக்கை எதுவரை போகும் என்று அந்த வயதில் யாராலும் சொல்ல முடியாது. இருபத்திரண்டில் முன்னால் நட்டுவிட்டு, முப்பத்தைந்தில் பின்னால் இருந்ததெல்லாம் போனால், நெற்றியில் ஒரு தீவு மட்டும் மிஞ்சும். அதைவிடச் செயற்கையாகத் தெரிவது எதுவும் இல்லை.

இரண்டாம் படி: இயற்கையான முன்முடியைப் பார்க்கப் பழகுங்கள்

இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். வைத்தியரிடம் போகும் முன் ஒரு வாரம் மற்றவர்களின் நெற்றியைப் பாருங்கள். பேருந்தில், கோயிலில், கல்யாண வீட்டில். பதினைந்து வயதுப் பொடியனையும் பாருங்கள், ஐம்பது வயதில் நல்ல முடியோடு இருப்பவரையும் பாருங்கள்.

முதலில் பிடிபடுவது, கோடு என்று ஒன்றே இல்லை என்பதுதான். நம்முடைய வயலை நினைத்துப் பாருங்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நாங்கள் பெரும்பாலும் எறிந்து விதைக்கிறோம். வரம்போரத்தில் பயிர் ஐதாக இருக்கும். அங்கொன்று இங்கொன்று வரம்பிலேயே முளைத்து நிற்கும். உள்ளே போகப் போகத்தான் அடர்த்தி. கயிறு பிடித்து நட்ட வயலை ரோட்டில் நின்றே கண்டுபிடித்துவிடலாம், நிரை தெரியும். இயற்கையான நெற்றி எறிந்து விதைத்த வயல். செயற்கையாகத் தெரியும் நெற்றி கயிறு பிடித்து நட்டது.

கிட்டப் போய்ப் பார்த்தால், எல்லாவற்றுக்கும் முன்னால் மெல்லிய பூனைமுடி. அதற்குப் பின்னால் ஒற்றை ஒற்றையாகக் கறுத்த முடி. ஒன்றுக்குப் பின் ஒன்று நேராக நிற்காது, ஒன்று முன்னால் வந்தால் அடுத்தது ஒரு மில்லிமீற்றர் பின்னால் நிற்கும். இந்த ஐதான பட்டை அரை சென்ரிமீற்றரிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் வரை இருக்கும். அதன் பின்தான் இரண்டு முடிக் கொத்துகள். இன்னும் பின்னே, நடு நெற்றிக்கு மேலே, மூன்றும் நாலுமான கொத்துகள். சீவி விட்டால் "நல்ல முடி" என்று நமக்குத் தோன்றுவது அந்தப் பின் அடர்த்தியால்தான், முன்வரிசையால் இல்லை.

கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் இன்னொன்று தெரியும். ஓரம் முழுக்க மெல்ல வளைந்து வளைந்து போகும். நடுவில் சின்னதாக ஒரு முனை, இரண்டு பக்கத்திலும் இலேசான ஏற்ற இறக்கம். இடமும் வலமும் ஒன்றாகவே இருக்காது. எனக்கு இடது மூலை வலதை விட ஒரு நகக்கண் அளவு ஏறியிருக்கிறது. உங்களுக்கும் ஏதோ ஒரு பக்கம் அப்படித்தான் இருக்கும். அளவுகோல் வைத்து இரண்டு பக்கத்தையும் சமப்படுத்தும் கைதான் இயல்பைக் கெடுக்கிறது.

மூன்றாம் படி: கோடு எங்கே வர வேண்டும்

தம்பி வைத்தியரிடம் போனபோது ஏஎல் படித்த காலத்துப் படம் ஒன்றைப் போனில் கொண்டுபோனான். "இப்படி வேணும்" என்றான். வைத்தியர் படத்தைப் பார்த்துவிட்டு, மார்க்கர் பேனாவால் அவன் நெற்றியில் இரண்டு கோடு போட்டார். கீழே இருந்தது அவன் கேட்டது. மேலே இருந்தது அவர் தரச் சம்மதித்தது. "இந்தக் கீழ்க்கோட்டோட ஐம்பது வயதில் உன்னைப் பார், தம்பி" என்று கண்ணாடியைக் கையில் கொடுத்தார். அவன் மேல்கோட்டுக்குச் சம்மதிக்க அரை மணித்தியாலம் எடுத்தது.

பொதுவான அளவு இது. இரண்டு புருவத்துக்கும் நடுவிலிருந்து முன்முடியின் நடுப்புள்ளி வரை ஆண்களுக்குச் சுமார் 7 முதல் 9 சென்ரிமீற்றர். நான்கு விரலைச் சேர்த்துப் புருவத்துக்கு மேலே வைத்தால் ஏறக்குறைய அந்த இடம் வரும். அதற்குக் கீழே இறக்கக் கேட்காதீர்கள். மூலைகள் இரண்டும் கண்ணின் வெளிமுனையிலிருந்து நேர் மேலே போகும் கோட்டுக்கு அருகில் வர வேண்டும். அங்கே ஆணுக்கு ஒரு பள்ளம் இருப்பதுதான் இயல்பு. அந்தப் பள்ளத்தை முழுதாக நிரப்பி நெற்றியை வட்டமாக அடைத்தால், பெண்ணின் நெற்றி போலவோ தொப்பி வைத்தது போலவோ ஆகிவிடும். அப்படி அடைத்துக்கொண்டு வந்த ஒருவருக்கு முடி வெட்டியிருக்கிறேன். முடியெல்லாம் நன்றாகத்தான் பிடித்திருந்தது. ஆனால் முகம் அவருடையதாக இல்லை.

பெண்களுக்கு நேர்மாறு. நெற்றி வட்டமாக, மூலைப் பள்ளம் குறைவாக இருக்கும். இறுக்கிப் பின்னிப் பின்னி முன்னோரம் போனவர்களும் நடலாம். ஆனால் அந்த இறுக்கிப் பின்னுவதை முதலில் நிறுத்த வேண்டும்.

நெற்றிப்பொட்டு ஓரத்தையும் பாருங்கள். காதுக்கு முன்னால் கிருதாவுக்கு மேலே முடி முக்கோணமாக முன்னே வரும் இடம் அது. அது பின்வாங்கியிருக்க, முன்னால் மட்டும் கோடு இறங்கினால் முகத்துக்கும் முடிக்கும் பொருந்தாது. என்ன பொருந்தவில்லை என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் கண் அங்கேயே போகும்.

பேனாக் கோடு போட்டவுடன் எழும்பி நின்று, நேராக, இரண்டு பக்கமாக, புருவத்தை உயர்த்தி எனப் படம் எடுங்கள். கூட வந்தவரிடம் காட்டுங்கள். ஊசி போட்ட பிறகு கோட்டை மாற்றக் கேட்காதீர்கள்.

நாலாம் படி: கோணமும் திசையும்

முடி வெட்டுகிற எனக்கு நட்ட முடியை முதலில் காட்டிக்கொடுப்பது கோணம்தான். முன் நெற்றியில் இயற்கையான முடி தோலிலிருந்து நிமிர்ந்து வராது. 15, 20 பாகை அளவுக்குப் படுத்தபடி, முன்னோக்கி வரும். நாங்கள்தான் அதைப் பின்னால் வளைத்துச் சீவுகிறோம். நெற்றிப்பொட்டுக்கு வர வர இன்னும் படுத்து, கீழேயும் பின்னேயும் திரும்பும். நட்ட முடி நெட்டுக்குத்தாக நின்றால் ஒவ்வொரு முடியின் அடியும் வெளிச்சத்தில் தெரியும். முன்னால் சீப்பை வைத்தால் தடக்கும். என்ன எண்ணெய் வைத்தாலும் படியாது.

திசையும் அப்படித்தான். பலருக்கு முன்னாலே ஒரு சுழி இருக்கும். மாடு நக்கினது போல ஒரு பக்கம் எழும்பி நிற்கும். சிலருக்கு உச்சியில் இரட்டைச் சுழி. மிச்சமிருக்கிற சின்ன முடிகள் எந்தப் பக்கம் போகின்றனவோ அந்தப் பக்கமே புது முடியும் போக வேண்டும். இதற்காகவே சத்திரசிகிச்சைக்கு முன் தலையை ஒட்ட வழித்துக்கொண்டு போகாதீர்கள். முதலில் வைத்தியர் நீளமான முடியோடு பார்க்கட்டும், வழிப்பது அன்றைக்கு அங்கேயே நடக்கும்.

கிராஃப்டை வைக்கத் தோலில் துளை போடும்போதே கோணம் முடிவாகிவிடுகிறது. நடுபவர் அந்தத் துளைக்குள் முடியை வைக்க மட்டுமே செய்கிறார். ஆகவே "முன்னோரத் துளைகளை யார் போடுவார்கள்?" என்று கேளுங்கள். வைத்தியரே தன் கையால் போடுவார் என்ற பதில் வராவிட்டால் அந்த இடம் வேண்டாம். இது என் உறுதியான முடிவு.

எந்த முடி முன்னால் வருகிறது என்பதும் முக்கியம். முதல் இரண்டு மூன்று வரிசைக்கு ஒற்றை முடிக் கிராஃப்டுகள் மட்டும். அவற்றிலும் மெல்லியதாகத் தெரிந்தெடுக்க வேண்டும். காதுக்குப் பின்னால் இருக்கும் முடி பிடரி நடுவில் இருப்பதை விட மெல்லியது, அதை முன்வரிசைக்கு வைக்கும் வைத்தியர்கள் இருக்கிறார்கள். நம்முடைய முடி பெரும்பாலும் கறுத்துத் தடிப்பாக இருப்பதால் இரட்டைக் கொத்து ஒன்று முன்னுக்கு வந்துவிட்டாலும் புள்ளி வைத்தது போலத் தெரியும். நம் தோலின் நிறம் இதற்குக் கொஞ்சம் கைகொடுக்கிறது. வெள்ளைத் தோலில் கறுப்பு முடி துலங்குவது போல நம் தோலில் துலங்காது.

ஐந்தாம் படி: கையிருப்பைக் கணக்குப் பாருங்கள்

வழுக்கையில்லாத தலையில் ஒரு சதுர சென்ரிமீற்றரில் சுமார் 70 முதல் 100 கொத்துகள் இருக்கும். அதில் பாதி போகும் வரை கண்ணுக்கு மெலிவு தெரியாது. ஆகவே நடும்போதும் 35, 45 போதும், முன்னோரப் பட்டையில் அதைவிடக் குறைவு. 30 சதுர சென்ரிமீற்றர் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் 40 என்றால் 1200 கிராஃப்ட். ஒரு கிராஃப்டில் சராசரியாக இரண்டு முடி. விலை சொல்லும்போது சிலர் முடியின் எண்ணிக்கையைச் சொல்வார்கள், சிலர் கிராஃப்டின் எண்ணிக்கையைச் சொல்வார்கள். எது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

பிடரி அள்ள அள்ளக் குறையாத குளம் இல்லை. பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுவதும் எடுக்கக்கூடியது சில ஆயிரம் கிராஃப்டுகள்தான், 6000ஐத் தாண்டுபவர்கள் குறைவு. நெற்றியை ஒரு சென்ரிமீற்றர் கீழே இறக்க ஆசைப்பட்டுச் செலவழித்தது நாளைக்கு உச்சி வழுக்கையானால் திரும்பி வராது. "ஒரே நாளில் 5000" என்று சொல்பவரிடம் மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று கேளுங்கள்.

இருக்கிற முடியைக் காப்பதும் இந்தக் கணக்கில் வரும். மினொக்சிடில் 5 சதவீதத் திரவம், ஃபினாஸ்டரைட் 1 மில்லிகிராம் மாத்திரை ஆகிய இரண்டும் வைத்தியர்கள் வழக்கமாகத் தருவது. நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். ஃபினாஸ்டரைட் சிலருக்குப் பாலுணர்வைக் குறைக்கும், மனச்சோர்வும் வரலாம். ஃபார்மசியில் நீங்களாகவே வாங்காமல் வைத்தியரோடு பேசியே தொடங்குங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் உடைந்த மாத்திரையை அவர் கையால் தொடக்கூடாது.

ஆறாம் படி: எப்படி எடுப்பது, மொட்டை போடலாமா

எஃப்யூஈ என்றால் ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்டிய சின்னக் குழாயால் ஒவ்வொரு கொத்தாக எடுப்பது. பிடரியில் புள்ளி புள்ளியாக மெல்லிய தழும்பு பரவியிருக்கும். எஃப்யூடி என்றால் தோலை நீளப் பட்டியாக எடுத்துத் தைத்துவிட்டு, பட்டியிலிருந்து கொத்துகளைப் பிரிப்பது. காதுக்குக் காது ஒரு கோட்டுத் தழும்பு வரும். முன்னோரத்தின் இயல்புக்கும் இந்தத் தெரிவுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

ஆனால் நம் ஊரில் இன்னொரு கேள்வி இருக்கிறது. தகப்பன் போனால் கொள்ளி வைக்கும் மகன் முடி எடுக்க வேண்டும். வற்றாப்பளை அம்மனுக்கோ வேறு கோயிலுக்கோ நேர்த்தி வைத்தவர்களும் இருக்கிறார்கள். நட்ட முடியை வழிக்கலாமா என்று என்னிடம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். வழிக்கலாம். வேர் உள்ளே நிற்கிறது, ஒரு வருடம் கடந்து வளர்ந்து உறுதியான பிறகு மற்ற முடியைப் போலத் திரும்ப வளரும். பட்டித் தழும்பு மட்டும் மொட்டையில் வெளியே தெரியும். மொட்டை போட வேண்டிவரும் என்று நினைப்பவர் வைத்தியரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பரபரவென்று அள்ளி எடுத்தால் எஃப்யூஈயிலும் பிடரி பூச்சி அரித்த துணி போல ஆகிவிடும், மொட்டையில் அது இன்னும் மோசம்.

தலையில் தழும்பு உள்ளவர்களுக்கு

இதற்குப் படி எண் போடவில்லை, ஆனால் வன்னியில் இதைச் சொல்லாமல் விட முடியாது. ஷெல் துண்டு கீறிய தழும்பு, தீக்காயம், அவசரத்தில் தைத்த காயம். நெற்றியோரத்தில் இவற்றோடு என் கதிரையில் உட்காருபவர்கள் நிறையப் பேர். பலர் கண்ணாடியைப் பார்க்காமலே "அந்தப் பக்கம் கொஞ்சம் மூடி விடுங்கோ" என்று சொல்வார்கள். இன்றைய சிகிச்சையின் மூலவேர் ஒன்று இவர்களுக்காகவே போடப்பட்டது. 1939இல் ஜப்பானில் ஒகுடா என்ற வைத்தியர் முடி போன தழும்புத் தோலில் சின்ன வட்டங்களாக முடியை நட்டு எழுதிவைத்தார். உலக யுத்தத்தில் அந்த எழுத்து வெளியே போகாமல் கிடந்தது.

தழும்பில் நடலாம். ஆனால் அங்கே இரத்த ஓட்டம் குறைவு, ஆகவே பிடிக்கும் முடியும் குறைவு. காயம் ஆறி ஒரு வருடமாவது போயிருக்க வேண்டும். முதலில் ஐம்பது, நூறு கிராஃப்ட் மட்டும் சோதனைக்கு வைத்து, ஆறேழு மாதம் பார்த்து, பிடித்தால் மிச்சத்தை ஐதாக இரண்டு மூன்று தடவையாக வைப்பதுதான் கவனமான வழி. உள்ளே உலோகத் துண்டு இருக்கிறது என்று தெரிந்தால் எக்ஸ்ரேயைக் கையோடு கொண்டுபோங்கள். தழும்பு தடித்து வளரும் கீலொயிட் உடம்பு உள்ளவர் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். தழும்பு முழுதாக மறையாது. பார்ப்பவரின் கண் அங்கே தங்காமல் போகும் அளவுக்குக் கொண்டுவரலாம்.

ஏழாம் படி: வைத்தியரைத் தெரிவு செய்தல்

கொழும்புக்குப் போகிறவர்கள் உண்டு, சென்னைக்குப் போகிறவர்கள் உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்கள் துருக்கிக்குப் போகிறார்கள். எங்கே என்றாலும் கேட்க வேண்டியவை ஒன்றுதான். இலங்கை என்றால் வைத்தியரின் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டலில், யூடியூப் பார்ப்பது இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பயிற்சியாகாது என்றே எழுதவேண்டி வந்தது. சலூன் போலப் பலகை போட்டு இதைச் செய்யும் இடங்கள் பெருகியதால்தான். முடி நடுவது சலூன் வேலை இல்லை என்பதைச் சலூன்காரனாகவே சொல்கிறேன்.

படங்களைப் பார்க்கும்போது ஏமாறாதீர்கள். முன்படம் மங்கல் வெளிச்சத்தில், பின்படம் முடியை முன்னால் விழவிட்டு எடுத்தது என்றால் அது எதையும் காட்டவில்லை. முடியை நனைத்து, பின்னால் முழுக்கச் சீவி, நெற்றியோரம் பெரிதாகத் தெரியும்படி எடுத்த படத்தைக் கேளுங்கள். நம்மைப் போன்ற தோலும் முடியும் உள்ளவருடைய படமாக இருக்கட்டும். செய்து ஒரு வருடமான ஒருவரை நேரில் பார்க்க முடியுமென்றால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. பார்க்கும்போது முடியின் அடியைப் பாருங்கள். தோல் குழி விழுந்தோ புடைத்தோ இருக்கக்கூடாது.

"உங்களுக்கு வேண்டாம், இன்னும் இரண்டு வருடம் பொறுங்கள்" என்று யாராவது வைத்தியர் சொன்னால் கோபப்படாதீர்கள். பொறுத்துவிட்டு அவரிடமே போங்கள்.

ஏற்கெனவே பிழையாகிப்போனவர்களுக்கும் வழி உண்டு. கட்டை கட்டையாகத் தெரியும் பழைய முடியைச் சின்னக் குழாயால் எடுத்து, பிரித்து, வேறு இடத்தில் திரும்ப நடலாம். நேர்க்கோட்டுக்கு முன்னால் ஒற்றை முடிகளை ஒழுங்கில்லாமல் வைத்து மழுங்கடிக்கலாம். அதிகம் கீழே இறங்கிய கோட்டின் முடியை எடுத்துவிடலாம், அல்லது லேசரால் அழிக்கலாம். ஆனால் பிடரியில் மிச்சம் இருந்தால்தான் இதெல்லாம் முடியும்.

எட்டாம் படி: பயணமும் முதல் பதினைந்து நாளும்

நாளைத் தெரிவு செய்யும்போது போகத்தைப் பாருங்கள். காலபோக அறுவடை நடக்கும் மாசி, பங்குனியில் நெற்தூசியிலும் வெயிலிலும் நிற்க வேண்டிய ஆள் அப்போது செய்யக்கூடாது. விதைப்பு முடிந்து வெயில் தணிந்திருக்கும் கார்த்திகை, மார்கழி வயல்காரருக்கு வசதி. நீரிழிவு, பிரஷர், அஸ்பிரின் போன்ற இரத்தம் இளக்கும் மாத்திரை எல்லாவற்றையும் வைத்தியரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சிகரெட் நட்ட முடிக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். முன்னும் பின்னும் சில வாரம் விடுங்கள்.

2000 கிராஃப்ட் என்றால் ஆறு முதல் எட்டு மணித்தியாலம் போகும். மரத்துப்போக ஊசி போடும்போது மட்டும் நோகும். தம்பி நடுவில் இரண்டு தடவை நித்திரையாகிவிட்டான்.

முடிந்தவுடன் இரவு பஸ் ஏறாதீர்கள். கொழும்பிலிருந்து கிளிநொச்சி முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். ஒரு குலுக்கலில் நெற்றி முன் சீற்றில் இடித்தால், நட்டது அப்படியே கழன்று வரும். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜிலோ சொந்தக்காரர் வீட்டிலோ மூன்று நாளாவது தங்குங்கள். முதல் தலை கழுவலை அங்கேயே செய்வித்து, எப்படிக் கழுவுவது என்று பார்த்துக்கொண்டு வாருங்கள். முதல் வாரம் இரண்டு தலையணை வைத்து, தலையை உயர்த்தி, மல்லாந்து படுக்க வேண்டும். மூன்றாம் நாளளவில் நெற்றி வீங்கிக் கண்வரை இறங்கலாம், பயப்பட வேண்டாம். காய்ச்சலோ சீழோ கூடிக்கொண்டே போகும் நோவோ வந்தால் உடனே வைத்தியர்.

வீட்டுக்கு வந்த பிறகு நம் பழக்கங்கள்தான் எதிரி. கிணற்றடியில் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றக்கூடாது. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைக் கோப்பையால் மெல்ல ஊற்றுங்கள், விரல் நுனியால் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். எண்ணெய் முழுக்கு, கற்றாழை, வெங்காயச் சாறு எதுவும் ஆறும் தோலில் வேண்டாம். விபூதியைப் புருவத்துக்கு அருகே சின்னதாக வையுங்கள், கோட்டுக்கு ஏற்றாதீர்கள். கோயிலில் விழுந்து கும்பிடுவதைச் சில நாள் ஒத்திவையுங்கள். குளத்திலும் கடலிலும் ஒரு மாதம் இறங்க வேண்டாம். ஹெல்மெட் முன்னோரத்தில்தான் அழுத்தும். வைத்தியர் சம்மதிக்கும் வரை, அநேகமாக இரண்டு மூன்று வாரம், மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போங்கள். பொருக்கு ஏழு முதல் பத்து நாளில் தானாக உதிரும். பிடுங்கினால் முடியும் கூடவே வரும். வெயிலில் சில மாதத்துக்குத் தளர்வான தொப்பி போடுங்கள். ஆறும் தோல் வெயிலில் கறுத்துப்போனால் நட்ட இடம் பட்டையாகத் தெரியும்.

ஒன்பதாம் படி: வளரும் மாதங்களும் முதல் முடி வெட்டும்

இரண்டாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள் நட்ட முடியில் பெரும்பகுதி கொட்டும். தம்பி ஒரு இரவு தலையணையைப் படமெடுத்து எனக்கு அனுப்பினான், "எல்லாம் போச்சு" என்று. போனது தண்டு மட்டும், வேர் உள்ளே இருந்தது. மூன்றாம் நாலாம் மாதம் மெல்லியதாக, சுருண்டு, ஒழுங்கில்லாமல் வந்தது. ஆறாம் மாதம் பாதி. முழுதாகத் தடித்துப் படிய ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை வருடம். இடையில் வரும் சுருளைப் பார்த்துக் கோடு பிழைத்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள்.

இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகு பிடரிப் பக்கத்தை வெட்டலாம், நட்ட இடத்தில் மெஷின் வைக்க வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெட்டுபவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். எங்களுக்குச் சொல்லாவிட்டால் நாங்கள் செய்யும் பிழை ஒன்று இருக்கிறது. நெற்றியோரத்தை பிளேட்டால் நேராக எடுத்து, மூலையைச் சதுரமாக்கி விடுவோம். இப்போது பொடியன்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். நட்ட முன்னோரத்தில் அதைச் செய்தால், வைத்தியர் மணிக்கணக்காக இருந்து ஒழுங்கில்லாமல் வைத்த ஒற்றை முடிகளெல்லாம் ஒரு நிமிடத்தில் போய்விடும். கயிறு பிடித்தது போல ஆகிவிடும். "முன்னோரத்தைத் தொடவேண்டாம், கத்தரிக்கோலால் நுனி மட்டும்" என்று சொல்லுங்கள். பக்கங்களை ஒட்ட வழிக்காமல் கொஞ்சம் விட்டால், நட்ட இடத்தின் அடர்த்தியும் பக்கத்து அடர்த்தியும் ஒத்துப்போகும்.

பன்னிரண்டாம் மாதம் தம்பியைக் கடை வாசலில் மத்தியான வெயிலில் நிறுத்தி, தலையை நனைத்து, பின்னால் சீவிப் பார்த்தேன். இடது மூலையில் மட்டும், இரண்டு விரல் அகலத்துக்கு, முடி திடீரென்று தொடங்குவது போல எனக்குப் பட்டது. நீங்களும் அப்படிப் பாருங்கள், போனில் படமெடுத்து வைத்தியருக்கு அனுப்புங்கள். அவசரமாக இரண்டாம் தடவைக்கு நாள் குறிக்காதீர்கள். தம்பியின் வைத்தியர் பதினெட்டாம் மாதம் வரை பொறுக்கச் சொல்லி, பிறகு இருநூறு ஒற்றை முடி மட்டும் அந்த மூலைக்கு முன்னால் சிதறலாக வைத்தார்.